மூணு தரமும் பச்சை நாற்காலியும்

என் அக்காவின் கணவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் ‘மூணு தரம்’. பழைய சாமான்களை ஏலம் விடும் கடையில், மேடையில் நின்று "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கூவி, மரச்சுத்தியலால் மேசையில் ஒரு போடு போடுவது அவர் வேலை. அவர் வீட்டைத் தேடி வருகிறவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவே உதட்டைப் பிதுக்கும். மூணு தரம் வீடு என்று கேட்டால் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

நான் அவரை அத்தான் என்று கூப்பிடுகிறேன். அவர் என்னை டிரைவரம்மா என்று கூப்பிடுகிறார், ஏனென்றால் நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று சிலர் என்னை வியப்பார்கள். அவர்கள் என் வேனில் ஒரு நாளும் ஏறியதில்லை.

அத்தான் வேலை பார்க்கும் கடை, முன்பு மாவு மில்லின் கிடங்காக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. வீடு மாறுகிறவர்கள், வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள், தாய் தகப்பன் போன பிறகு சாமான்களை என்ன செய்வது என்று தெரியாத பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான் கொண்டுவந்து இறக்குவார்கள். அலமாரி, கட்டில், மெத்தை, கம்பளம், நின்றுபோன கடிகாரம். ஒவ்வொன்றும் தன் வீட்டுத் தூசியையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். பாதிச் சம்பளத்தைத் தூசியாகத்தான் கொடுக்கிறார்கள் என்று அக்கா சொல்வாள்.

அத்தானின் திறமை என்னவென்றால் மூச்சு. ஓர் அலமாரி மேடைக்கு வந்தால், அதன் மரம், கதவு, கண்ணாடி, பூட்டு, சாவி தொலைந்த கதை, அந்தச் சாவி இல்லாமலே திறக்கும் வித்தை, அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். நடுவில் ஒரு இடைவெளி இருக்காது. ஏன் இப்படி விழுந்தடித்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் மூச்சு விட்டா அவங்க யோசிப்பாங்க, டிரைவரம்மா. யோசிச்சா வாங்க மாட்டாங்க."

தொழில் மேடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் யாராவது ஒரு விலையைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. தக்காளி என்ன விலை என்றால்கூட அதற்கு மேலேயோ கீழேயோ ஒன்றைச் சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இந்தக் கூத்தின் நடுநாயகம் ஒரு பச்சை நாற்காலி. கடைக்கு வந்து, எத்தனை முறை மேடையேற்றியும் ஒருவரும் கை தூக்காமல் போக, இவரே பரிதாபப்பட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தது. ஒரு கை ஆடும். உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் முனகும். அக்கா வீட்டிலேயே திரைச்சீலையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறவள். எந்தச் சோபாவையும் மணப்பெண் மாதிரி ஆக்கிவிடுவாள். அந்த நாற்காலிக்கு மட்டும் அவள் தைத்த உறை எதுவும் பொருந்தியதில்லை. அதனால் அவளுக்கு அதன் மேல் தனி வெறுப்பு.

"இந்தச் சனியன யாருக்காவது சும்மா தூக்கிக் குடுக்கப் போறேன்" என்பாள் அவள்.

"சும்மாவா? இந்த மரம் இப்ப கிடைக்குமா? இந்தக் கால் கடைசல பாரு, இந்தத் துணிய பாரு" என்று இவர் ஆரம்பித்தால் நாற்காலியின் விலை ஏறி ஏறிக் கடைசியில் வீட்டின் விலையைத் தாண்டிவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்கா சொன்ன கடைசி விலை ஒன்றுகூட நின்றதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் ஆஸ்துமா வந்தது. சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் இருமல் விடாமல் பிடித்துக்கொள்ள, டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்தார். பழுப்பு நிறத்தில் ஒன்று, தினமும் இழுக்க வேண்டும். நீல நிறத்தில் ஒன்று, மூச்சு முட்டும்போது மட்டும். அத்தான் பழுப்பு நிறத்தை அலமாரியில் ஏற்றிவிட்டார். நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு என்பது அவர் கட்சி. நீல நிறத்தை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், அதுவும் கடையில் ஒருவருக்கும் தெரியாமல்.

"ஏலம் விடுறவனுக்கே இளைக்குதுன்னு தெரிஞ்சா விலையும் இளைச்சிடும்" என்றார்.

கடையில் மேடை மேசையின் இழுப்பறையில் அதை ஒளித்து வைப்பார். மூச்சு முட்டினால், சாக்குக்கட்டி தேடுகிற மாதிரி மேசைக்கு அடியில் குனிந்து, அவசர அவசரமாக ஒரு அடி அடித்துவிட்டு நிமிர்வார். கீழே நிற்கிறவர்கள், அடேயப்பா, மனுஷன் குனிந்து விலையை யோசிக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் அந்த மேடை மேசையின் கால் உடைந்து தச்சுப் பட்டறைக்குப் போயிருந்தது. அதற்குப் பதிலாக, விற்பனைக்கு வந்திருந்த ஓர் எழுதுமேசையை மேடையில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏலத்தைத் தொடங்கினார். வழக்கம்போல நீல இன்ஹேலர் இழுப்பறைக்குள் போனது. ஏலம் சூடு பிடித்தது. ஒன்றன் பின் ஒன்றாகச் சாமான்கள் போயின. கடைசியில் அந்த எழுதுமேசையின் முறையும் வந்தது.

அதைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டவர்கள் பிறகு எனக்குச் சொன்னார்கள். நல்ல கனமான மரம் என்றாராம். இழுப்பறை வெண்ணெய் மாதிரி வழுக்கும் என்றாராம். "உள்ள வச்ச பொருள் வச்ச இடத்துல இருக்கும், யாரும் எடுக்க முடியாது" என்று அடித்துச் சொன்னாராம். ஒரு முடிதிருத்துபவர் தன் கடைக்கென்று கேட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மேசை தள்ளுவண்டியில் ஏறிப் போய்விட்டது, அத்தானின் மூச்சோடு.

அதற்கு அடுத்து வந்தவை கம்பளங்கள். சுருட்டி வைத்திருந்ததை இரண்டு பேர் பிடித்து உதறி விரிக்க, கிடங்கு முழுக்கப் புகை மாதிரி தூசி. அத்தானுக்கு நெஞ்சைப் பிடித்தது. பழக்கத்தில் இழுப்பறையைத் திறக்கக் கையை நீட்டினார். அந்த இடத்தில் இழுப்பறை இல்லை, மேசையே இல்லை.

வேறொரு மனிதராக இருந்தால் அங்கேயே விஷயத்தைச் சொல்லி, ஓர் ஆளை அனுப்பி மருந்தை வாங்கியிருப்பார். இவர் மூணு தரம் அல்லவா? ஊரார் சாமானையெல்லாம் பார்த்துப் பார்த்து விற்கிறவர், தன் மருந்தைத் தானே கூவி விற்றுவிட்டார் என்று தெரிந்தால் மானம் என்ன ஆவது? மீதிக் கம்பளங்களையும் விற்று முடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி வீட்டுக்கு நடந்து வந்தார்.

சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு நான் அக்கா வீட்டுக்குப் போனபோது, வாசலிலேயே விசில் சத்தம் கேட்டது. குக்கர் என்று நினைத்தேன். உள்ளே போனால் சத்தம் அத்தானின் நெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. பச்சை நாற்காலியின் விளிம்பில், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் காதுவரை ஏற உட்கார்ந்திருந்தார்.

"இன்ஹேலர் பம்பு எங்க?" என்றாள் அக்கா.

"அடிச்சாச்சு" என்றார் அத்தான். வாய் கூசாமல் சொன்னார்.

"அடிச்சும் இப்படின்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

உடனே பேரம் தொடங்கியது. வெந்நீர் குடித்துப் பார்க்கலாம் என்றார். அவள் முடியாது என்றாள். காலையில் கிளினிக் போகலாம் என்றார். முடியாது. கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கலாம் என்றார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள், அவரும் எழுந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் சொன்ன விலை நின்றது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

என் வேனின் இருக்கைகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. அத்தான் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து வந்தார். சிக்னலில் நின்றபோது அவருடைய விசிலைக் கேட்டுப் பக்கத்துக் கார்க்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "எப்படி இருக்கு அத்தான்?" என்றேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது என்று கையாலேயே காட்டினார். பிறகு ஒருநாள் அதை அவர் பாஷையில் விளக்கினார்: சரக்கை வாங்கினவன் எடுத்துக்கொண்டு போகாமல் கிடங்கிலேயே போட்டுவைத்தால் புதுச் சரக்கை எங்கே இறக்குவது? நெஞ்சு அப்படித்தான் அடைத்துக்கொண்டு கிடந்ததாம்.

அவசரப் பிரிவில் முதல் மேசையில் ஒரு சிஸ்டர் இருந்தார். அத்தானின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். அது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "என்ன பண்ணுது, நீங்களே சொல்லுங்க" என்றார் அத்தானிடம்.

அங்கேதான் மனிதர் தொழிலைக் காட்டினார். எதிரில் ஓர் ஆள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. எங்கிருந்தோ இருப்பதையெல்லாம் வாரிச் சேர்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல சிஸ்டர் கடையில கொஞ்சம் தூசி, எனக்குப் பழக்கந்தான், இன்ஹேலர் அடிச்சாச்சு, வீட்டுக்காரம்மா பயந்துபோய்க் கூட்டிட்டு வந்துட்டாங்க, நீங்க பெரிய கேஸெல்லாம் இருந்தா முதல்ல பாருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

இளைப்போடு வருகிறவர் ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை பேசுகிறார் என்பதை வைத்துத்தான் நிலைமையை எடை போடுவார்களாம். நாலு வார்த்தைக்கு மேல் போகாதவரை உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள். இவர் ஓர் அலமாரியையே விற்றுவிட்டார். "சரி, இங்கயே என் கண்ணு முன்னால உக்காருங்க, அடுத்தது உங்களத்தான் கூப்பிடுவாங்க" என்றார் சிஸ்டர். அந்த நேரம் பார்த்து, சாலை விபத்தில் அடிபட்ட ஒருவரைத் தள்ளுபடுக்கையில் கொண்டுவந்தார்கள். சிஸ்டர் அந்தப் பக்கம் ஓடினார்.

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தான் பேசவில்லை. இருந்த மூச்சையெல்லாம் ஒரே பேச்சில் செலவழித்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. விசில் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது.

"சத்தம் நின்னுடுச்சுக்கா" என்றேன் சந்தோஷமாக. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்குச் சத்தம் நின்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றும்.

அத்தானும் வாசல் பக்கம் கையைக் காட்டினார், வீட்டுக்குப் போகலாம் என்பது போல. அக்கா எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது, உதடு ஒரு மாதிரி கறுத்திருந்தது. கழுத்தில் எலும்புக்கு மேலே இருந்த குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது.

"ஏங்க" என்றாள் சாதாரணமாக. "அந்தப் பச்சை நாற்காலிய நாளைக்குப் பழைய சாமான்காரருக்குச் சும்மா தூக்கிக் குடுத்துடறேன்."

அத்தான் தலையாட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "சும்மாதான். ஒரு பைசா வாங்க மாட்டேன்" என்றாள் மறுபடியும்.

அதற்கும் தலையாட்டினார்.

அக்கா விருட்டென்று எழுந்தாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. விபத்துக்காரர் பக்கத்தில் நின்ற சிஸ்டரின் கையைப் பிடித்து, "சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் என்கூடச் சண்டை போடல, வந்து பாருங்க" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் இந்தப் புகாரைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அந்த சிஸ்டர் சிரிக்கவில்லை. அத்தானை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே திரும்பி டாக்டரைக் கூப்பிட்டார். அடுத்த நிமிஷம் அத்தான் ஒரு படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் உள்ளே போய்க்கொண்டிருந்தார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

டாக்டர் வயதில் சின்னவர். அத்தானின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார், இடம் மாற்றி வைத்தார், மறுபடி மாற்றினார். "காத்தே போகல" என்று சிஸ்டரிடம் சொன்னார். பிறகு எங்களிடம், "விசில் நின்னதாலதான் ஆபத்து. விசில் அடிக்கக்கூட உள்ள காத்து இல்ல" என்றார். சத்தம் நின்றது என்று சந்தோஷப்பட்டவள் நான்தான்.

முகத்தில் மாஸ்க் மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். அதன் வழியாகவே மருந்தைப் புகையாக விட்டார்கள். இன்னொரு சிஸ்டர் கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டினார். இயந்திரம் ஒன்று விடாமல் கீச்சிட்டது. டாக்டர் மட்டும் நிதானமாக, "மெதுவா வெளிய விடுங்க, வெளிய விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் திரை ஓரமாக நின்றோம். அக்கா அழவில்லை. திரைச்சீலையின் கீழ்விளிம்பைக் கையில் பிடித்து, "தையல் பிரிஞ்சிருக்கு" என்றாள் என்னிடம். பிரிந்த இடத்தை விரலால் மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"கடைசியா இன்ஹேலர் எப்ப அடிச்சார்?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா அத்தானைப் பார்த்தாள். மாஸ்க்குக்குள்ளிருந்து அவரும் அவளைப் பார்த்தார். பிறகு ஊசி குத்தாத கையைத் தூக்கி மூன்று விரல்களைக் காட்டினார். கையை முஷ்டியாக்கிப் படுக்கையின் கம்பியில் மெல்ல ஒரு தட்டு தட்டினார்.

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "மூணு மணிக்கா?" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றாள் அக்கா. "வித்துட்டார்."

"இன்ஹேலரையா?"

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சுக்காகவா வெட்கத்துக்காகவா என்று தெரியவில்லை. "அப்ப ஒண்ணுமே அடிக்கல" என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த மருந்துக்குப் போனார்.

புகை மருந்து முடிந்ததும் இன்னொன்று ஊற்றினார்கள். அதுவும் முடிந்தது. டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, இன்னும் ஒன்று என்றார். மூன்றாவதை ஊற்றினார்கள். என் வாய் என்னையறியாமல் அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று மனதுக்குள் சொன்னவள் மூன்றாவதைச் சொல்லப் பயந்து நிறுத்திக்கொண்டேன். அத்தானைப் போல வாயாடி எங்கள் குடும்பத்துக்கு இன்னொருவர் கிடைக்க மாட்டார். அதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

அப்போது விசில் கேட்டது. முதலில் மெல்ல, பிறகு வீட்டு வாசலில் கேட்ட அதே கட்டையான விசில்.

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "சத்தம் வந்துடுச்சு. இனி பயமில்ல" என்றார். ஒரு மணி நேரத்துக்கு முன்பு எந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்தோமோ, அதையே இப்போது பாட்டு மாதிரி கேட்டுக்கொண்டு நின்றோம். உதட்டின் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. தோள்கள் காதிலிருந்து கீழே இறங்கின.

அத்தான் கையை உயர்த்தி மாஸ்க்கைக் கொஞ்சம் தள்ளினார். சிஸ்டர் தடுப்பதற்குள் பேசிவிட்டார்.

"சும்மா... குடுக்க..." என்றார். மூச்சு வாங்கினார். "நீ யாரு?" மறுபடி மூச்சு. "கால் கடைசல்... பாத்தியா?"

அக்கா திரையை விட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதாள். அவசரப் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் மாஸ்க்கை இழுத்து ஒழுங்காக மாட்டி, "சண்டை அப்புறம் போடலாம்" என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் அத்தானிடம் ஒரு இன்ஹேலரைக் கொடுத்து, எப்படி இழுக்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். அத்தான் பழக்கதோஷத்தில் சுற்றுமுற்றும் பார்த்துக் குனிந்து, அவசரமாக ஒரு அடி அடித்துக் காட்டினார். "இத்தனை வருஷமா பாதி மருந்து நாக்குக்கும் மீதி காத்துக்குமா போயிருக்கு" என்றார் டாக்டர். வாயில் வைத்து நிதானமாக இழுக்க ஒரு நீளக் குழல் கொடுத்தார். பழுப்பு நிறம்தான் வியாதியை அடக்கும் மருந்து, நீல நிறம் ஆபத்துக்கு மட்டும் என்று பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இனிமே ஒளிச்சு வைக்காதீங்க. பக்கத்துல இருக்கிற ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

ஒளித்து வைக்க இனி வழியும் இல்லை. முடிதிருத்துபவர் சீப்புகளை அடுக்க இழுப்பறையைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், அடுத்த ஏலத்தன்றே அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நிறைந்த கூட்டத்தில் அதை உயர்த்திப் பிடித்து, "இது யாரோடதுங்க? மேசையோட சேர்த்து எனக்கு வித்துட்டாங்க" என்று கேட்டாராம். முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர்வரை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். விலை ஒன்றும் இளைக்கவில்லை. இப்போது கம்பளங்களை வெளி முற்றத்தில்தான் உதறுகிறார்கள். அத்தான் மேடையில் எல்லோரும் பார்க்கக் குழலை வாயில் வைத்து இழுத்துவிட்டு, மூச்சைப் பிடித்து நிற்கிறார். அந்த நேரத்தில் சிலர் யோசித்து விலகிக்கொள்கிறார்கள் என்று அவருக்கு இன்னமும் வருத்தம்தான்.

காலையில் வேனை எடுக்கும் முன் சில நாள் அக்கா வீட்டில் எட்டிப் பார்ப்பேன். அத்தான் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னைக்கு அந்த நாற்காலிய யாருக்காவது சும்மா குடுத்துடப் போறேன்" என்பாள்.

அவர் படியிலேயே நின்றுகொண்டு மரத்தையும் கடைசலையும் துணியையும் விலையையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கடைசி வார்த்தைவரை கேட்பாள். நாற்காலியைப் பற்றி அவர் சொல்வது ஒன்றும் அவள் காதில் ஏறாது. மூச்சு எங்கேயாவது தட்டுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். பேச்சு தட்டாமல் முடிந்ததும் எழுந்து வந்து அவர் கையில் சாப்பாட்டுப் பையைக் கொடுத்து, "சரி, போயிட்டு வாங்க" என்பாள்.